வாய்ச்சொல்லும் வாத்திய ஒலியும்: கற்பனைச் செவியால் இசையமைத்தல் குறித்த தமிழ்த் திறனாய்வு, ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

வாத்தியம் எதனையும் தொடாமல் அவற்றின் ஒலிகளை உள்ளத்தில் கேட்டு, கேட்டவற்றை நேரே தாளில் எழுதி இசையமைக்கும் திறம் தமிழகத்தில் பெரிதும் இளையராஜா ஒருவரை முன்வைத்தே பேசப்படுகிறது. பாட்டின் மெட்டுக்கு அவர் ஆர்மோனியத்தைத் துணைகொள்வது உண்டு. ஆயின் முன்னிசை, இடையிசை, பின்னணி இசை ஆகியவற்றில் ஒவ்வொரு வாத்தியத்திற்கும் உரிய பகுதியை அவர் மேலைக் குறிமுறையில் மேசையில் அமர்ந்தே எழுதுவார். படியெடுப்போர் அதனைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்துக் கலைஞர்க்கு வழங்குவர். ஒலி முதன்முதலாகப் புறத்தே கேட்பது ஒலிப்பதிவுக் கூடத்தில்தான்.

இத்திறம் பற்றித் தமிழில் எழுதப்பட்டன மிகப் பல. அவற்றுள் வியப்பு மிகுதி, விளக்கம் குறைவு. உள்ளத்தில் கேட்கும் ஒலி எதனால் ஆனது, அதனைக் கேட்கும் பயிற்சி எங்கிருந்து வந்தது, அதனைக் குறிக்கத் தமிழில் எச்சொல் உண்டு என்னும் மூன்று வினாக்களும் பெரும்பாலும் எழுப்பப்படாமலே விடப்படுகின்றன. இவை இசையியலுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. முதல் வினா ஒலியியலையும், இரண்டாவது வினா வாய்மொழி மரபையும், மூன்றாவது வினா கலைச்சொல்லாக்கத்தையும் சார்ந்தவை. ஆதலின் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றில் தலையிடுதல் பொருத்தமே.

இவ்வாய்வுக்கு ஒரு நிலப்பின்னணி உண்டு. இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழை அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. அம்மலையின் மேலைப்புறத்தில், பீர்மேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது ஏலப்பாறை. குமுளி, வண்டிப்பெரியாறு வழியாகச் சென்று குட்டிக்கானத்தில் கட்டப்பனைச் சாலையில் திரும்பினால் அவ்வூரை அடையலாம். 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எல்லை பிரிந்தும் தோட்டத் தொழிலாளரின் தமிழ் பிரியவில்லை, பாட்டும் பிரியவில்லை. 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர் இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன். அக்குழுவில் சேர்ந்து தோட்டந்தோறும் சென்றவர் சிறுவராயிருந்த இளையராஜா. கற்பனைச் செவி என்பது சென்னையிலோ இலண்டனிலோ தொடங்கியதன்று என்பதற்கு இந்நிலம் நினைவூட்டாக நிற்கிறது.

2. நிலவும் இரு விளக்கங்கள்

தமிழ்த் திறனாய்வில் இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. முதலாவதை அருள் விளக்கம் எனலாம். இசை முழுவதும் ஒரே கணத்தில் உள்ளத்தில் தோன்றிவிடுகிறது. எழுதுதல் வெறும் படியெடுப்பே என்பது இதன் சாரம். இவ்விளக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1815இல் பிரீட்ரிக் ரோக்லிட்ஸ் செருமானிய இசை இதழ் ஒன்றில் மோட்ஸார்ட் எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டார். படைப்பு முழுவதையும் ஒருசேரக் கேட்டுவிடுவதாகவும் பின்னர் எழுதுவது எளிது எனவும் மோட்ஸார்ட் கூறுவதாக அக்கடிதம் அமைந்தது. அது போலிக் கடிதம் என்று பிற்கால ஆய்வாளர் நிறுவினர். மோட்ஸார்ட் கைப்பட எழுதிய முன்வரைவுகள் பல இன்றும் உள்ளன. எனினும் அப்போலிக் கடிதமே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படைப்பு உளவியலின் சான்றாக எடுத்தாளப்பட்டது. ஒரு தவறான ஆவணம் இத்துணைக் காலம் வாழ்ந்ததற்குக் காரணம், அது மக்கள் நம்ப விரும்பியதைக் கூறியமையே.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு விளக்கம். இசையமைப்பாளர் உள்ளத்து ஒலியைக் குறிமுறைக்கு 'மொழிபெயர்க்கிறார்' என்பது இது. அருள் விளக்கத்தை விட இது நாகரிகமானது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் இதனை ஏற்றல் அரிது. மொழிபெயர்ப்புக்கு மூலம் ஒன்று வேண்டும். அம்மூலத்தைப் பிறரும் அணுகக்கூடியதாயிருத்தல் வேண்டும். பெயர்ப்பை அதனோடு ஒப்பிட்டுப் பிழை காண இயலவேண்டும். உள்ளத்து ஒலிக்கு இம்மூன்றும் இல்லை. மேலும், குறிமுறையில் எழுதப்பட்ட தாள் ஒலியின் விவரிப்பன்று, செயலுக்கான ஆணை. இந்நேரத்தில், இந்நரம்பில், இவ்வளவு அழுத்தத்துடன் வில்லை இழு என்பதே அதன் பொருள். இலக்கண நோக்கில் இசைத்தாள் முழுவதும் ஏவல் வினைமுற்றுகளால் ஆனது. விவரிப்பை ஏவலாக மாற்றுவது பெயர்ப்பைக் காட்டிலும் வேறான செயல். அதற்கு, ஏவப்படும் வினை எவ்வொலியை விளைக்கும் என்னும் முன்னறிவு தேவை.

இவ்விரு விளக்கங்களும் ஒரு குறையைப் பொதுவாகக் கொண்டுள்ளன. இரண்டும் உள்ளத்து ஒலியை முன்னரே முழுமையாக இருப்பதொன்றாகக் கொள்கின்றன. அஃது உருவாகும் முறை இவற்றின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

3. பேச்சே ஒலிவண்ணம்

ஒரே சுருதியில், ஒரே உரப்பில் குழலும் வயலினும் ஒலித்தாலும் இது குழல், இது வயலின் என்று வேறுபடுத்தி அறிகிறோம். அவ்வேறுபாட்டுக்கு அடிப்படையான பண்பை இக்கட்டுரையில் ஒலிவண்ணம் எனக் குறிப்போம். இச்சொல்லுக்கான காரணம் ஏழாம் பகுதியில் கூறப்படும். 1863இல் வெளிவந்த தம் நூலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், இப்பண்பு அடிப்படை அதிர்வோடு உடனொலிக்கும் மேலதிர்வுகளின் விகிதத்தால் பெரிதும் அமைகிறது என விளக்கினார். அந்நூலிலேயே அவர் உயிரொலிகளையும் ஆராய்ந்தமை மொழியியலார்க்கு முதன்மையான செய்தி. இசைக்கவைகளின் ஒலிகளைச் சேர்த்து உயிரொலிகளைச் செயற்கையாக எழுப்பிக் காட்டினார். அதாவது, ஒரே சுருதியில் அ, இ, உ எனப் பாடும்போது மாறுவது ஒலிவண்ணம் ஒன்றே. இகரத்தில் இரண்டாம் ஒத்ததிர்வு 2000 ஹெர்ட்சுக்கு மேல் நிற்க, உகரத்தில் அது 1000 ஹெர்ட்சை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைகிறது. ஆதலின் இகரம் கூர்மையாகவும் உகரம் மங்கலாகவும் படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. ஆயின் இசைத் திறனாய்வில் போதிய அளவு பயன்படுத்தப்படாதது. பேசத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒலிவண்ணத்தை நுட்பமாகப் பகுத்தறியும் பயிற்சி உடையவர். பேச்சில் சுருதி வேறுபடினும் சொல் மாறுவதில்லை. தமிழில் 'கல்' என்பதை உயர்த்திக் கூறினும் தாழ்த்திக் கூறினும் கல்லே. உயிரின் வண்ணம் மாறினால் மட்டுமே அது 'கொல்' ஆகவோ 'கில்' ஆகவோ மாறும். சுருதியை நினைவில் நிறுத்தத் தனிப்பயிற்சி வேண்டும். ஒலிவண்ணத்தை நினைவில் நிறுத்தும் பயிற்சியைத் தாய்மொழியே தந்துவிடுகிறது.

உள்ளத்தில் கேட்கும் ஒலிக்கும் இப்பயிற்சிக்கும் தொடர்பு உண்டென ஆய்வுகள் காட்டுகின்றன. 2004இல் ஹால்பெர்னும் அவர்தம் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், வாத்திய ஒலிகளைக் கேட்டு அவற்றின் ஒப்புமையை மதிப்பிட்ட முறையும், அவற்றைக் கற்பனை செய்து மதிப்பிட்ட முறையும் நெருங்கி ஒத்தன. கற்பனை செய்தபோது செவிப்புலனுக்குரிய மூளைப்பகுதி இயங்கியது. அதனோடு இயக்கத்தைத் திட்டமிடும் பகுதியும் இயங்கியது. ஓசையெழாமல் உள்வாயால் ஒலிக்க முயலுதல் இதற்குக் காரணமாகலாம் என்பது கருதத்தக்கது. கற்பனைச் செவிக்கு உள்வாயும் துணைநிற்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு குறிப்பாகும்.

4. சொற்கட்டு: வாயில் வாழும் வாத்தியம்

தமிழிசை மரபில் வாயால் வழங்கும் குறிமுறைகள் இரண்டு. ஒன்று சரிகமபதநி என்னும் சுரப்பெயர். மற்றொன்று தாளவாத்தியத்தின் சொற்கட்டு. முன்னது சுருதியை மட்டும் குறிப்பது. 'ரி' என்னும் அசைக்கும் அது குறிக்கும் ஒலியின் வண்ணத்துக்கும் தொடர்பில்லை. பின்னது சுருதியை விடுத்து வண்ணத்தைக் குறிப்பது. மிருதங்கத்தின் தத், தித், தொம், நம் என்னும் அடிப்படைச் சொற்களை நோக்குக. கையை எடுத்துத் தோலை அதிரவிடும் அடிகள் மூக்கொலியில் முடிகின்றன. அதிர்வை அடைத்து நிறுத்தும் அடிகள் வல்லொற்றில் முடிகின்றன. தாழ்ந்து பரவும் ஒலிக்கு ஒகரம் வருகிறது. கூரிய ஒலிக்கு இகரம் வருகிறது. மெய்யின் வகை அடியின் தொடக்கத்தையும் முடிவையும், உயிரின் வகை அதன் நடுவண்ணத்தையும் காட்டுகின்றன.

இவ்வுறவு கேட்போர் கற்பனையன்று. 2003இல் படேலும் ஐவர்சனும் இந்துஸ்தானி தபலாவின் வாய்ச்சொற்களையும் அவற்றுக்குரிய அடிகளையும் ஒலியியல் முறையில் ஒப்பிட்டு, இரண்டிற்கும் அளந்தறியத்தக்க ஒப்புமை உண்டெனக் காட்டினர். தபலா மரபையோ அம்மொழியையோ அறியாதோரும் சொல்லையும் அடியையும் பொருத்திக் காட்ட முடிந்தது. இடுகுறி என்னும் கொள்கையை வலியுறுத்தும் மொழியியலுக்கு இஃது ஒரு விலக்காயினும், தமிழிலக்கணத்துக்குப் புதியதன்று. உரிச்சொல்லை இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடியாகத் தோன்றுவதாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. இரட்டைக் கிளவி பிரிந்து நில்லாது என்றும் அது கூறுகிறது. ஒலியைச் சொல்லாக்கும் நெறி இலக்கணத்தில் இடம்பெற்றே இருந்தது.

இவ்வகைச் சொற்கள் மொழியின் பொதுவிதியை மீறுவதும் கவனிக்கத்தக்கது. தமிழ் மரபில் டகரம் மொழிக்கு முதலில் வாராது. ஆயினும் டும், டங், டமாரம் எனப் பேச்சில் தயக்கமின்றி வழங்குகிறோம். பழைய வாத்தியப் பெயர்களில் துடி, தடாரி, தட்டை, தொண்டகம் என நாநுனித் தகரம் முதலிலும் நாவளை ஒலி உள்ளும் நிற்கின்றன. விதிக்கு அடங்கிய சொல் ஒருபுறமும், ஒலிக்கு அடங்கிய சொல் மறுபுறமும் இழுக்க, இரண்டுக்கும் இசைந்த வடிவமாக இப்பெயர்கள் அமைந்தன எனக் கொள்ள இடமுண்டு. உறுமி என்பதோ உறுமுதல் என்னும் வினையினின்று நேரே பிறந்தது. பெயரைச் சொன்ன அளவிலேயே ஒலி செவியில் எழுகிறது.

ஏலப்பாறையை ஒட்டிய தோட்டங்களில் இம்மரபைத் தப்பில் காணலாம். தப்பின் ஒரு கைக்கு மெல்லிய நீண்ட குச்சியும் மறுகைக்குத் தடித்த குறுகிய குச்சியும் உரியன. முன்னது கூரிய ஒலியையும் பின்னது கனத்த ஒலியையும் தரும். லயத்து முற்றத்தில் பழகும் இளைஞர் இவ்விரண்டையும் முதலில் வாயால் பிரித்துச் சொல்லிப் பின்னரே கையால் அடிக்கின்றனர். எல்லைக்கு அப்பால் மலையாள மரபில் செண்டைக்கும் வாய்த்தாரி உண்டு. அம்மாணவரும் தோலில் அடிக்குமுன் கல்லிலோ மரத்திலோ கோலால் பழகுவர். கல் செண்டையாக ஒலிப்பதில்லை. வாயும் மனமுமே அங்குச் செண்டையின் ஒலியை நிரப்புகின்றன. வாத்தியமின்றி வாத்தியத்தைக் கேட்கும் பயிற்சி இதனினும் வெளிப்படையாக எங்கும் இல்லை.

ஈண்டு ஒரு மதிப்பீட்டுச் சிக்கல் எழுகிறது. மிருதங்க அசைகளுக்குச் 'சொற்கட்டு' என்னும் பெயரும் கொன்னக்கோல் என்னும் அரங்கும் கிடைத்தன. அதே ஒலியியல் நெறியில் அமைந்த பறையின் அசைகளோ 'டண்டணக்கா' என்னும் எள்ளற்சொல்லாகப் பொதுவழக்கில் நிற்கின்றன. மொழியியல் அளவுகோலில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. வேறுபாடு முழுவதும் அவற்றை வழங்குவோரின் சாதிநிலை பற்றியது. கற்பனைச் செவியை அருளெனக் கூறும் திறனாய்வு, இச்செவியைத் தலைமுறைதோறும் பயிற்றியவரைக் கணக்கில் கொள்ளாது விடுகிறது. அருள் விளக்கத்தின் உண்மையான இழப்பு இதுவே.

வாய்ச்சொல் அழிந்தால் ஒலிவண்ணமும் மீளாது என்பதற்கு யாழே சான்று. 1947இல் வெளியான யாழ்நூலில் விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரக் குறிப்புகளையும் கணித முறையையும் கொண்டு பழைய யாழ்களின் சுருதி அமைப்பை மீட்க முயன்றார். நரம்புகளின் எண்ணிக்கையும் அவற்றின் இடைவெளியும் நூலிலிருந்து பெறத்தக்கனவாயின. அந்நரம்பு மீட்டப்பட்டபோது எழுந்த ஒலியின் வண்ணத்தைப் பெற நூலில் வழியில்லை. சுருதி எண்ணில் தங்கியது. வண்ணம் வாயில் தங்கியிருந்து வாயோடு மறைந்தது.

5. வாய்ச்சொல்லின் எல்லையும் குறிமுறையின் பணியும்

இனி இவ்வாதத்தின் எல்லையைக் கூறவேண்டும். வாய் ஒன்று, ஒரு நேரத்தில் ஓர் ஒலியே அதனால் எழும். ஆதலின் வாய்ச்சொல் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒலிகளை மட்டும் தாங்கவல்லது. பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறாக ஒலிப்பதை அது தாங்காது. தமிழ் மரபின் கூட்டிசையும் இவ்வெல்லைக்குள் அமைந்ததே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், தண்ணுமையின் வழி முழவும் நின்றதாகவும், முழவோடு ஆமந்திரிகை கூடியதாகவும் கூறப்படுகிறது. 'வழி நிற்றல்' என்பதே அங்குக் கூட்டிசையின் இலக்கணம். அது பின்பற்றுதல்; ஒன்றையொன்று எதிர்த்தோ தாங்கியோ அடுக்குதல் அன்று.

அடுக்குதலுக்கு மேலைக் குறிமுறை தேவையாயிற்று. மேலிருந்து கீழாக வாத்தியங்கள், இடமிருந்து வலமாகக் காலம் என அமைந்த அத்தாள் வாயால் இயலாததைக் கண்ணால் இயலச் செய்கிறது. 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்த இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது இதனையே. கற்பனைச் செவி அவருக்கு முன்னரே உண்டு எனலாம். ஆயின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தொடரியல் குறிமுறையின் வழியே வந்தது. அருள் விளக்கம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது.

குறிமுறைக்கு உரிய இலக்கணம் கடுமையானது. மேலைக் குழல் தன் தாழ்ந்த எல்லையில் வலுவற்றது. அங்கு எழுதப்பட்ட மெட்டு பித்தளை வாத்தியங்கள் ஒலித்தால் மறைந்துவிடும். வயலினுக்குத் தாழ்ந்த நரம்பின் கீழ் சுரமே இல்லை. இவற்றை அறியாது எழுதினால், சொல்லெல்லாம் சரியாயிருந்தும் ஏற்கவியலாத வாக்கியம் போல் இசை நிற்கும். கேட்கும் ஒலியும் எழுதும் குறியும் வேறுபடுவதும் உண்டு. பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதப்படும் சுரம் ஒரு முழுச்சுரம் தாழ்ந்தும், எஃப் கொம்புக்கு எழுதப்படுவது ஐந்தாம் சுர இடைவெளி தாழ்ந்தும் ஒலிக்கும். தமிழ் எழுத்தை அறிந்தார்க்கு இது புதியதன்று. கடல், தங்கம், அகம் என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இடத்தை நோக்கி ஒலியை நிரப்புவது படிப்பவரின் வேலை. இசைத்தாளை எழுதுபவர் இவ்வேலையை எதிர்த்திசையில் செய்கிறார்.

பியானோ கற்காத பெர்லியோஸ் இவ்விடத்தில் நல்ல ஒப்புமை. கிதாரும் குழலுமே அவர் கற்றவை. ஆயினும் 1844இல் நூலாக வெளிவந்த அவரது வாத்தியவியல் நூல், வாத்தியங்களின் எல்லை, வலு, குணம் ஆகியவற்றை முறையாகத் தொகுத்த முதன்மையான நூல்களுள் ஒன்று. ஒரே வாத்தியத்தின் விசைப்பலகை விரலுக்கு வகுத்துக்கொடுக்கும் பழக்கத்தினின்று அவர் விடுபட்டிருந்தமை அவருக்கு உதவியது. கேள்வியறிவு நுணுகிய பதிவாக மாறியதே அவரது கற்பனைச் செவி. 1824இல் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது பெரிதும் செவிகெட்டிருந்த பீத்தோவனுக்கும் பல்லாண்டுக் கேள்வியே முதலாக இருந்தது. முன்பு கேளாத ஒருவர் அதனை எழுதியிருக்க இயலாது.

6. படைப்புகளில் காணும் சான்று

இனிச் சில படைப்புகளை நோக்கலாம். 'காதலின் தீபம் ஒன்று' (தம்பிக்கு எந்த ஊரு, 1984) என்னும் பாட்டின் மெட்டை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாட இயலாத நிலையில், சீழ்க்கையாலேயே அமைத்ததாக இளையராஜா மேடைகளில் கூறியுள்ளார். சீழ்க்கை சுருதியைத் தரும், வண்ணத்தைத் தராது. ஆதலின் மெட்டும் வாத்திய அமைப்பும் வெவ்வேறு உளச்செயல்கள் என்பதற்கு இச்செய்தி தெளிவான சான்றாகிறது.

'பருவமே புதிய பாடல் பாடு' (நெஞ்சத்தைக் கிள்ளாதே, 1980) வேறுவகை. ஓடும் காலடியின் சீரான ஒலி அப்பாட்டுக்குத் தாளமாகிறது. தொடையில் தட்டி அவ்வொலி எழுப்பப்பட்டது என்பது இசைக்கலைஞரிடையே நன்கறியப்பட்ட செய்தி. இங்கு ஒலி முன்னது, வாத்தியம் பின்னது. உள்ளத்தில் கேட்ட ஒலிக்கு உரிய வாத்தியம் இல்லாதபோது உடலே வாத்தியமாயிற்று. வாத்தியங்களின் பட்டியலிலிருந்து தெரிந்தெடுப்பது வேறு. ஒலியிலிருந்து வாத்தியத்தைத் தேடுவது வேறு. கற்பனைச் செவி என்னும் தொடர் பின்னதற்கே முழுமையாகப் பொருந்தும்.

'பூங்கதவே தாழ் திறவாய்' (நிழல்கள், 1980) பாட்டின் இடையிசையில் நரம்பு வாத்தியங்களின் நடுவே நாகசுரம் எழுகிறது. நாகசுரத்தின் வண்ணம் தமிழ்ச் செவிக்கு வெறும் ஒலியன்று. அது மணவினையைச் சுட்டும் குறி. சொல் ஏதும் இன்றி, கதையில் நிகழாத மணம் ஒன்று இசையில் நிகழ்ந்துவிடுகிறது. இச்சுட்டுப்பொருள் அயல்மொழிக் கேட்பவர்க்குக் கிட்டாது. அவர்க்கு அஃது ஓர் உரத்த துளைக்கருவி மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் சொல்லின் உட்பொருள் குறித்து அடையும் இடர்ப்பாடு இங்கு ஒலிவண்ணத்திலும் நேர்கிறது.

'ராக்கம்மா கையத் தட்டு' (தளபதி, 1991) பாட்டின் தொடக்கத்தில் வயலின் குழு நீண்ட இழைகளாக அன்றி வெட்டி வெட்டி ஒலிக்கிறது. வில்லால் இழுக்கும் வாத்தியம் அங்குக் கொட்டு வாத்தியத்தின் வேலையைச் செய்கிறது. மேலைக் குறிமுறையில் எழுதப்பட்டிருப்பினும் அதன் அசையமைப்பு தப்பின் வாய்ச்சொல்லுக்கு நெருங்கியது. நான்காம் பகுதியில் கூறிய மரபும் ஐந்தாம் பகுதியில் கூறிய குறிமுறையும் சந்திக்கும் இடம் இது. இளையராஜாவின் தனித்தன்மை இச்சந்திப்பில் உள்ளதேயன்றி மேலை இசையைக் கற்றமையில் மட்டும் இல்லை.

வெற்றி எல்லா இடத்தும் ஒரே அளவினதன்று. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட 'ஹௌ டு நேம் இட்?' (1986) தொகுப்பில் தனிவயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இரு மரபும் அறிந்த கலைஞர் வாசித்தமையால், தாளில் எழுதவியலாத கமகம் அவர் கையால் நிரம்பியது. அதாவது ஏவலில் இல்லாதது மரபறிவால் வந்தது. 2005இல் வெளிவந்த திருவாசகம் இசைப்படைப்பில் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர் வாசித்தனர். அங்குத் தமிழ்க்குரல் வளைந்து செல்ல, நரம்புக்கூட்டம் நேரான சுரங்களால் அதனைச் சூழ்ந்து நிற்கிறது. சூழலின் மாட்சி மறுக்கத்தக்கதன்று. ஆயினும் குரலின் அசைவுக்கு வாத்தியம் அசைவால் மறுமொழி தருவது 1986இன் படைப்பிலேயே மிகுதி. காரணம் இசையமைப்பாளரின் செவியில் இல்லை. அவர் கேட்டதைத் தாள் முழுமையாகச் சொல்ல இயலாதபோது, மீதியை நிரப்பும் கை எத்தாய்மொழியைப் பேசுகிறது என்பதே காரணம். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறிய அவரது 'வேலியண்ட்' சிம்பொனி, இதற்கு மறுவழியாக, குறிமுறைக்குள் முழுமையாக அடங்கும் இசையையே எழுதும் நெறியில் நிற்கிறது. இவ்விரு நெறிகளையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

7. கலைச்சொல் குறித்து

இத்துணை நுணுக்கங்களைப் பேசவேண்டிய பண்புக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. பள்ளி இயற்பியல் நூல்களில் தரம், பண்பு என்பன வழங்குகின்றன. 'தரம்' உயர்வு தாழ்வைக் குறிக்கும் சொல்லாதலின், 'நாகசுரத்தின் தரம்', 'பறையின் தரம்' எனும்போது கருதாத மதிப்பீடு உள்நுழைகிறது. 'பண்பு' மிகப் பொதுவானது. 'தொனி' கவிதையியலில் குறிப்புப்பொருளுக்கு ஆகிவிட்டது. 'நாதம்' வியப்புச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. 'ஒலிநிறம்' செருமானியச் சொல்லின் நேர்பெயர்ப்பு. பிழையன்று, எனினும் வேரற்றது. ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து கடன்கொண்ட 'டிம்பர்' என்னும் சொல்லோ தொடக்கத்தில் ஒருவகைக் கொட்டின் பெயராக இருந்தது; கிரேக்கத்தில் கொட்டைக் குறித்த சொல்லே அதன் மூலம். ஓர் ஐரோப்பிய மொழி இப்பண்புக்குப் பெயரைக் கொட்டிலிருந்து எடுத்துக்கொண்டமை, பறையை எள்ளும் நமக்கு ஒரு படிப்பினை.

தமிழில் 'வண்ணம்' என்னும் சொல் உள்ளது. அது நிறத்தையும் குறிக்கும். செய்யுளின் ஓசை வேறுபாட்டையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் வண்ணங்கள் இருபது. அவற்றுள் வல்லெழுத்து மிக்கது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கது மெல்லிசை வண்ணம். இடையெழுத்து மிக்கது இயைபு வண்ணம். ஆய்தம் பயில்வது நலிபு வண்ணம். இவை சந்தத்தை மட்டும் பற்றிய பகுப்புகள் அல்ல; மெய்யின் வகையால் விளையும் ஒலித்தன்மை பற்றிய பகுப்புகள். ஒலியியல் நோக்கில் இவை ஒலிவண்ணப் பகுப்புகளே. நிறம் என்னும் உருவகமும், பேச்சொலியே இப்பண்பின் அடிப்படை என்னும் உண்மையும் இச்சொல்லில் ஒருங்கே அமைந்துள்ளன.

'வண்ணம்' என மட்டும் வழங்கினால் வண்ணப்பாடலோடும், கருநாடக இசையின் வர்ணத்தோடும் மயங்கும். ஆதலின் 'ஒலிவண்ணம்' என்னும் தொகையே ஏற்றது. வல்லொலி வண்ணம், மெல்லொலி வண்ணம், இழையொலி வண்ணம் என இதிலிருந்து விளக்கச் சொற்களையும் ஆக்கிக்கொள்ள இயலும். வாத்திய விமரிசனங்களை மொழிபெயர்ப்போர், அயல்மொழியில் ஒலியைக் குறிக்கும் அடைச்சொற்களுக்கு அகராதிப் பொருளைத் தேடுவதினும், தமிழ்ச் செவி அவ்வொலியை எம்மெய்யினத்தால் வாய்விட்டுச் சொல்லும் என்று நோக்கினால் பொருத்தமான சொல் விரைவில் கிட்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: வாத்திய ஒலியைக் கற்பனை செய்யும் ஆற்றல் பேச்சொலியைப் பகுத்தறியும் ஆற்றலினின்று வளர்வது. தமிழ்நிலத்தில் அவ்வாற்றலை முறையாகப் பயிற்றியவை சொற்கட்டும் பறையின் வாய்ச்சொல்லும். வாய்ச்சொல் ஓரிழை, அதனைப் பலவிழையாக அடுக்கும் தொடரியலைக் குறிமுறை தருகிறது. இரண்டும் கூடியபோது புதிய இசை பிறந்தது. இதனை அருள் எனக் கூறுவோர் கலைஞரைப் போற்றுவதாகக் கருதினும், அவரது உழைப்பையும் அவருக்கு முன்னிருந்தோர் உழைப்பையும் ஒருங்கே மறைக்கின்றனர்.

செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. மிருதங்கம், தவில் ஆகியவற்றின் சொற்கட்டுகள் நூல்களில் ஏறியுள்ளன. தப்பு, உறுமி, பம்பை ஆகியவற்றின் வாய்ச்சொற்கள் ஊர்தோறும் வேறுபடுவன. அவற்றை ஒலிப்பதிவோடும் ஒலியியல் குறியீட்டோடும் தொகுத்தல் வேண்டும். ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, மூணாறு போன்ற எல்லைப்புறத் தோட்டங்களில் இப்பணி விரைவுடையது. அங்குத் தமிழ் வாய்ச்சொல்லும் மலையாள வாய்த்தாரியும் ஒரே திருவிழாவில் அருகருகே கேட்கின்றன. ஒரே அடியை இருமொழியும் எவ்வாறு வெவ்வேறாகச் சொல்கின்றன என்பதை ஒப்பிட இதனினும் சிறந்த களம் இல்லை. யாழின் வாய்ச்சொல் நமக்குக் கிட்டவில்லை. தப்பின் வாய்ச்சொல் இன்னும் லயத்து முற்றங்களில் ஒலிக்கிறது.